மண் பிடிப்பதும் விடுவதும்

ஒரு விவசாயி தன் நிலத்தில் ஒரே பருவத்தில் யூரியா, சூப்பர் பாஸ்பேட், பூச்சிக்கொல்லி ஆகிய மூன்றையும் இடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் ஒரே கடையில் வாங்கப்பட்டவை. ஒரே மண்ணில் இடப்பட்டவை. ஆயினும், பயிர் எடுத்துக்கொண்டது போக எஞ்சியவை ஒரே வழியில் செல்வதில்லை. யூரியாவிலிருந்து உண்டாகும் நைட்ரேட் மழைநீரோடு கீழிறங்கிக் கிணற்றைச் சேர்கிறது. பாஸ்பேட் மண் துகளைப் பற்றிக்கொண்டு இட்ட இடத்திலேயே தங்கிவிடுகிறது. அந்தத் துகளை வெள்ளம் அரித்துச் செல்லும்போதுதான் அதுவும் ஏரிக்குப் பயணமாகிறது. பூச்சிக்கொல்லிகளில் சில ஓரிரு வாரங்களில் சிதைந்து மறைகின்றன; சில, தெளித்தவரின் பேரப்பிள்ளைகள் உழும் காலத்திலும் மண்ணில் இருக்கின்றன.

இது வேதியியல் வகுப்பறைக்கு உரிய செய்தி என்று தோன்றலாம். பொருளியல் ஆசிரியனாகிய நான் இதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. மண் எதைப் பிடித்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதைப் பொறுத்தே, மாசுக்கான விலையை யார், எப்போது செலுத்துகிறார்கள் என்பது அமைகிறது. பிடித்துக்கொண்டால், அதே நிலத்தில் நாளை பயிரிடுபவர் செலுத்துகிறார். விட்டுவிட்டால், பக்கத்து ஊரில் இன்று தண்ணீர் குடிப்பவர் செலுத்துகிறார். நமது சட்டங்களும் மானியங்களும் இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்வதே இல்லை.

இந்த வேறுபாடு புதிதாகக் கண்டறியப்பட்டதும் அன்று. 1840-களில் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த எச்.எஸ். தாம்ப்சன் என்னும் நிலக்கிழார், தொழுவுரத்தின் சத்து மழையில் கரைந்து வீணாகிறதே என்ற கவலையில் ஒரு சோதனையை மேற்கொண்டார். மண் நிரப்பிய குழாயில் அம்மோனியம் சல்பேட் கரைசலை மேலிருந்து ஊற்றினார். கீழே வடிந்த நீரில் அம்மோனியம் இல்லை. கால்சியம் சல்பேட்தான், அதாவது ஜிப்சம்தான் இருந்தது. மண் ஒன்றை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுத்திருந்தது. இதைத் தொடர்ந்து ஆராய்ந்த வேதியியலாளர் ஜான் தாமஸ் வே, அந்தப் பண்டமாற்றைச் செய்வது மண்ணிலுள்ள களிப்பகுதியே என்று 1850-இல் எழுதினார். அம்மோனியத்தையும் பொட்டாசியத்தையும் பிடித்துக்கொள்ளும் அதே மண், நைட்ரேட்டைத் தடையின்றிக் கீழே விட்டுவிடுகிறது என்பதையும் அவர் கண்டார். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்ட உண்மை இது.

காரணம் எளிது. களித் துகள்களின் மேற்பரப்பு எதிர் மின்னேற்றம் கொண்டது. எனவே நேர் மின்னேற்றமுள்ள அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம் போன்றவை அதில் ஒட்டிக்கொள்கின்றன. எதிர் மின்னேற்றமுள்ள நைட்ரேட் விலக்கித் தள்ளப்படுகிறது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி நேர் மின்னேற்றம் உடையது. ஆகவே, அது களியின் அடுக்குகளுக்குள் நுழைந்து அகப்பட்டுக்கொள்கிறது. கிணற்றுக்குப் போவது அரிது. பாஸ்பேட்டின் கதை வேறு. அதற்கும் எதிர் மின்னேற்றம்தான் என்றாலும், செம்மண்ணுக்கு அந்த நிறத்தைத் தரும் இரும்பு ஆக்சைடுகளும், அலுமினிய ஆக்சைடுகளும் அதை வேதிப்பிணைப்பால் இறுகப் பற்றிக்கொள்கின்றன. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் கால்சியம் அந்த வேலையைச் செய்கிறது. கிளைபோசேட் களைக்கொல்லியும் அதே ஆக்சைடுகளில்தான் இடம் தேடுகிறது. பாஸ்பேட் உரம் மிகுதியாக இடப்பட்ட நிலத்தில் அதற்குக் கிடைக்கும் இடம் குறைவு. பேருந்தில் முன்பே துண்டு போட்டு இடம் பிடித்தவர் இருந்தால், பின்னால் வருபவர் நின்றுகொண்டுதானே வர வேண்டும்!

டி.டி.டி. போன்ற குளோரின் கலந்த கரிமப் பூச்சிக்கொல்லிகள் தண்ணீரில் கரைய மறுப்பவை. அவை மண்ணின் மட்கைத் தேடிச் சென்று அடைக்கலம் புகுகின்றன. எண்ணெய்ப் பிசுக்கு தண்ணீரை விட்டுத் துணியில் ஒட்டிக்கொள்வதைப் போன்றதே இது. ஆகவே, தொழுவுரமும் பசுந்தாளும் இட்டு மட்கு சேர்ந்த மண் இத்தகைய நஞ்சைப் பிடித்துவைக்கும். மட்கு வற்றிய மண் விட்டுவிடும்.

பிடித்துவைக்கப்பட்ட நஞ்சு எவ்வளவு காலம் இருக்கும்? இதற்கு உலகில் மிக விரிவாக ஆராயப்பட்ட எடுத்துக்காட்டுகளுள் ஒன்று கரீபியக் கடலில் இருக்கிறது. பிரான்சுக்கு உரிய மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளில் 1972 முதல் 1993 வரை வாழைத் தோட்டங்களில் கிழங்குக் கூன்வண்டைக் கட்டுப்படுத்தக் குளோர்டிகோன் என்னும் பூச்சிக்கொல்லி இடப்பட்டது. இந்தத் தீவுகள் நமக்கு முற்றிலும் அயலானவை அல்ல. 1848-இல் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின், 1850-கள் முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கிறார்கள்.

குளோர்டிகோன் நஞ்சு என்பது அப்போதே தெரியாத செய்தியன்று. அமெரிக்காவில் 'கெப்போன்' என்ற பெயரில் அது தயாரிக்கப்பட்டது. 1975-இல் வர்ஜீனியா மாநிலத்தின் ஹோப்வெல் நகரில், அதைத் தயாரித்த ஆலையின் தொழிலாளர்கள் கைகால் நடுக்கத்தால் பாதிக்கப்பட்டது வெளிவந்து, ஆலை மூடப்பட்டது. அருகிலுள்ள ஜேம்ஸ் ஆற்றில் மீன்பிடிப்புக்குத் தடை விதிக்கப்பட்டது. அந்தக் கட்டுப்பாடுகள் முழுமையாக விலகப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1979-இல், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் இதைச் சேர்த்தது. அதன் பிறகும், 1981-இல் பிரான்ஸ் இதற்கு மீண்டும் அனுமதி அளித்தது. 1990-இல் அனுமதி திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும், தீவுகளின் வாழை விவசாயத்துக்கு மட்டும் விலக்கு நீட்டிக்கப்பட்டு 1993 வரை பயன்பாடு தொடர்ந்தது. ஏற்றுமதிப் பயிரின் வருமானம் ஆண்டுதோறும் கண்ணுக்குத் தெரிந்தது. நஞ்சின் கணக்கு அப்படித் தெரியவில்லை.

தெரியாமல் போனதற்குக் காரணம், மண் அதைப் பிடித்துவைத்திருந்ததுதான். அந்தத் தீவுகளில் எரிமலைச் சரிவுகளை ஒட்டிய நிலங்கள், சாம்பலிலிருந்து உருவான மண்ணைக் கொண்டவை. அம்மண்ணில் உள்ள அல்லோபேன் என்னும் களி, கடற்பஞ்சு போல நுண்துளைகள் நிறைந்தது. அதில் மட்கும் மிகுதி. குளோர்டிகோன் அந்தத் துளைகளுக்குள் சென்று சிறைப்பட்டது. அங்கே நுண்ணுயிர்கள் அதை எளிதில் சிதைக்க இயலாது. தண்ணீரும் மிக மெதுவாகவே கரைத்து எடுக்கும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, மழைநீர் கழுவிச் செல்வதை மட்டும் நம்பியிருந்தால், அங்குள்ள ஒருவகை மண் தூய்மையடையச் சில பத்தாண்டுகளும், எரிமலைச் சாம்பல் மண் தூய்மையடைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலும் ஆகும் என்று கணித்தது. அண்மைய ஆய்வுகள் சில, அந்த நஞ்சு ஓரளவு சிதையவும் செய்கிறது என்று கூறிக் காலத்தைக் குறைத்துக் காட்டுகின்றன. குறைத்துச் சொன்னாலும், அது ஒரு மனித ஆயுளின் அளவில்தான் வந்து நிற்கிறது.

இதில் நம் உள்ளுணர்வுக்கு மாறான ஒன்று உண்டு. மிக அதிகமாக நஞ்சு தங்கியுள்ள சாம்பல் மண்ணைவிட, குறைவாகத் தங்கியுள்ள மற்ற மண்ணிலிருந்துதான் கிழங்குப் பயிர்களுக்கு நஞ்சு எளிதாக ஏறுகிறது. இறுகப் பிடித்த மண் பயிருக்கும் கொடுப்பதில்லை. இதை அறிந்த ஆய்வாளர்கள், அம்மண்ணில் மட்கு உரத்தைச் சேர்த்து நஞ்சை மேலும் இறுகக் கட்டிப்போடும் முறையைச் சோதித்தார்கள். பயிருக்கு ஏறும் அளவு குறைந்தது. கடனை அடைப்பதற்குப் பதிலாகத் தவணையை நீட்டும் உபாயம்தான் இது. எனினும், நிலத்தை நம்பி வாழ்பவனுக்குத் தவணை நீட்டிப்பும் பெரிய உதவியே.

1999, 2000-ஆம் ஆண்டுகளில் குவாதலூப்பின் குடிநீர் ஊற்றுகளில் குளோர்டிகோன் இருப்பது வெளிப்பட்ட பிறகு, சில நீராதாரங்கள் மூடப்பட்டன. சிலவற்றுக்குக் கரி வடிகட்டிகள் பொருத்தப்பட்டன. மண்ணரிப்பால் நஞ்சு கடலோரச் சேற்றை அடைந்ததால், கரையோரப் பகுதிகள் பலவற்றில் மீன்பிடிக்கத் தடை வந்தது. வாழைக்கும் தமக்கும் தொடர்பே இல்லாத மீனவர்கள் வாழ்வாதாரத்தை இழந்தார்கள். இன்று இரு தீவுகளிலும் வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ரத்தத்தில் குளோர்டிகோன் காணப்படுகிறது. இதற்காகத் தொடரப்பட்ட குற்ற வழக்கை, 2023 ஜனவரியில் பாரிஸ் விசாரணை நீதிபதிகள் யாரையும் விசாரணைக் கூண்டில் ஏற்றாமலேயே முடித்து வைத்தார்கள். நஞ்சு மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் இருக்கும். குற்றத்தை நிறுவும் சான்றுகளுக்கும் சட்டத்தின் காலவரம்புக்கும் அந்த ஆயுள் கிடையாது.

நம் நாட்டிலும் வேளாண்மையில் டி.டி.டி. பயன்பாடு 1989-இல் நிறுத்தப்பட்டது, பி.எச்.சி. 1997-இல் தடை செய்யப்பட்டது. அறுபது வயதைக் கடந்த விவசாயிகளுக்கு 'பத்து சதப் பொடி' என்றால் இன்றும் நினைவிருக்கும். துணியில் மூட்டைகட்டி நெற்பயிரின் மேல் தட்டிக்கொண்டே நடப்பார்கள். தடை நாள் என்பது மேலும் சேர்வதை நிறுத்திய நாள். இருப்பு தீர்ந்த நாளன்று. பொருளியலில் ஓட்டம், இருப்பு என்று இரண்டைப் பிரித்துப் பேசுவோம். சட்டம் ஓட்டத்தை மட்டுமே நிறுத்த வல்லது.

பாஸ்பேட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இட்ட ஆண்டில் பயிருக்குக் கிடைப்பது அதில் சிறு பங்குதான். மற்றது மண்ணில் சேமிப்பாகிறது. நிலம் சரிவாக இருந்து, கோடை உழவுக்குப் பின் பெருமழை பெய்தால், அந்தச் சேமிப்பு மேல்மண்ணோடு ஏரிக்குப் போகிறது. ஏரியில் ஆகாயத்தாமரையும் பாசியும் செழிக்கின்றன. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் சுமார் 4 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டார்கள். ஈரி ஏரியில் பெருகிய நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு அதற்குக் காரணம். பாசி பெருகியதற்கு முதன்மைக் காரணம் வயல்வெளிகளிலிருந்து வந்த பாஸ்பரஸ். வரப்பை உயர்த்துவதும் ஏரியின் நீர்வரத்துப் பகுதியில் புல்வெளி வைப்பதும் இதற்கு எளிய தடுப்புகள். நம் முன்னோர் அவற்றை மண் காப்புக்காகச் செய்தார்கள்.

நமக்கு இன்று அவசரமானது நைட்ரேட்தான். யூரியா மண்ணில் விழுந்த சில நாள்களில் அம்மோனியமாகிறது. அந்த நிலையில் களி அதைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால், காற்றோட்டமுள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் அடுத்த சில வாரங்களுக்குள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடுகின்றன. அதன்பின் பயிரின் வேர் எடுத்தால் உண்டு. இல்லையேல் அடுத்த மழை எடுத்துச்செல்லும். நீர் தேங்கிய நெல் வயலில் காற்று இல்லாததால் இந்த மாற்றம் மட்டுப்படுகிறது. உண்டாகும் நைட்ரேட்டிலும் பெரும்பகுதி வாயுவாக மேலே போய்விடுகிறது. எனவே, டெல்டாவின் நஞ்சை நிலத்தைவிட மஞ்சள், வாழை, காய்கறி விளையும் கிணற்றுப் பாசனத் தோட்டங்களுக்குக் கீழேதான் ஆபத்து கூடுதல். கரிசல் மண் நன்றாகப் பிடித்துவைக்கும் என்பது உண்மைதான். ஆனால், கோடையில் பாளம் பாளமாக வெடித்திருக்கும் கரிசலில் பெய்யும் முதல் மழை, மண்ணுக்குள் ஊறுவதற்கு முன் வெடிப்புகளின் வழியே நேராகக் கீழிறங்குகிறது. பிடிப்பதற்கு மண்ணுக்கு நேரமே கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப்பாறைப் பகுதி. அங்கே மேல்மண்ணின் ஆழம் குறைவு. அதைக் கடந்த நீர் பாறைப் பிளவுகளின் வழியே கிணற்றை அடைகிறது. இங்கிலாந்தின் சுண்ணப்பாறைப் பகுதிகளில் நைட்ரேட் ஆண்டுக்குச் சுமார் ஒரு மீட்டர் வீதமே இறங்குவதால், ஒரு தலைமுறைக்கு முன் இட்ட உரம் இன்று குழாயில் வருகிறது. நமது நிலை அதைவிட விரைவானது. இது கெட்ட செய்தி மட்டுமன்று. இங்கே உரத்தின் அளவைத் திருத்தினால் அதன் பயனையும் விரைவில் காணலாம்.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மாற்று நீராதாரம் இல்லை என்றாலும் இதில் தளர்வு கிடையாது. இந்த எல்லையின் பின்னணியில் இருப்பது கைக்குழந்தைகளின் உயிர். 1945-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஹன்டர் காம்லி என்னும் மருத்துவர், கிணற்று நீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் உடல் நீலம் பாய்வதற்கு நைட்ரேட்டே காரணம் என்று பதிவு செய்தார். அது ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடுகிறது. கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது. நீர் சுண்டச்சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். இதை அறியாமல் 'காய்ச்சிக் கொடுங்கள்' என்று சொல்பவர்கள் ஏராளம்.

ஒரு சிறு கணக்கு. 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 20.7 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் நைட்ரேட்டாகி நிலத்தடி நீரைச் சேர்ந்தால், அது ஏறத்தாழ 9 கிலோ நைட்ரேட். நைட்ரேட்டே இல்லாத 2 லட்சம் லிட்டர் தூய நீரை உச்சவரம்புக்குக் கொண்டுவர அது போதும். மூட்டையின் சில்லறை விலை 266 ரூபாய் 50 காசு. எனவே, கசிந்த உரத்தின் விலை 27 ரூபாய்க்கும் குறைவு. அந்த 2 லட்சம் லிட்டருக்குப் பதிலாக 20 லிட்டர் கேன்களை வாங்குவதென்றால் 10 ஆயிரம் கேன்கள் வேண்டும். அத்தனை நீரையும் யாரும் குடிக்கப்போவதில்லை என்பது உண்மை. ஆயினும், 27 ரூபாய்ப் பொருள் எவ்வளவு பெரிய சொத்தைத் தொட முடியும் என்பதை இது காட்டுகிறது. கிராமத்துக் கழிவறைக் குழிகளும் மாட்டுக் கொட்டில்களும் இதே கிணறுகளுக்கு நைட்ரேட்டைத் தருகின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் பயிரிடும் என் சித்தப்பா மகனிடம் இதைச் சொன்னபோது, "விலை கம்மியாத்தானுங்கண்ணா இருக்குது, ஒரு மூட்டை சேத்திப் போட்டா என்ன நட்டம்?" என்று கேட்டார். பொருளியல் நோக்கில் அது மிகச் சரியான கேள்வி. அவருடைய கணக்கில் நட்டம் இல்லைதான். விளைச்சல் ஒரு குவிண்டால் கூடினாலும் அந்த மூட்டை லாபமே. கூடாவிட்டாலும் இழப்பு அற்பம். மழை பொய்த்தால், விலை சரிந்தால் என்று ஆயிரம் அச்சங்களோடு பயிரிடுபவருக்கு, அந்தக் கூடுதல் மூட்டை மலிவான காப்பீடு. அவரைக் குறை சொல்லும் தகுதி மானிய விலையை வகுத்தவர்களுக்கு இல்லை.

2010 ஏப்ரலில் மத்திய அரசு சத்தின் அடிப்படையிலான உர மானியத்தைக் கொண்டுவந்தபோது, பாஸ்பேட்டும் பொட்டாஷும் அதில் சேர்க்கப்பட்டன, யூரியா விடப்பட்டது. அதன்பின் மற்ற உரங்களின் விலை ஏறியது. யூரியாவின் விலை பெரிதாக ஏறவில்லை. ஆக, மண் இறுகப் பிடித்துக்கொள்ளும் சத்துக்கு விலை அதிகம். மண் கைவிட்டுவிடும் சத்துக்கு விலை குறைவு. கசிவை வளர்க்க வேண்டும் என்று திட்டமிட்டிருந்தாலும் இதைவிட நேர்த்தியாகச் செய்திருக்க முடியாது! உர மானியத்துக்காக 2022-23-இல் மட்டும் மத்திய அரசு 2.5 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டது. யூரியா விலையை ஒரே நாளில் ஏற்றுவது சிறு விவசாயியைத்தான் முதலில் வீழ்த்தும். அதை நான் ஆதரிக்கவில்லை. மானியத்தின் ஒரு பகுதியை மூட்டையிலிருந்து விலக்கி, ஏக்கர் கணக்கில் விவசாயியின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகக் கொடுத்தால், அவர் வருமானம் குறையாது; கூடுதல் மூட்டை மட்டும் தன் உண்மை விலையைக் காட்டத் தொடங்கும்.

ஒரு செயலைப் பாராட்டவும் வேண்டும். 2015-இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது. தொழிற்சாலைகளுக்குக் கடத்தப்படுவதைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. வேம்பு, அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. அதாவது, மண் பிடித்துவைக்கக்கூடிய வடிவத்தில் சத்து இன்னும் சில நாள்கள் இருக்கிறது. தாம்ப்சனின் குழாய்ச் சோதனையில் வெளிப்பட்ட அதே பண்பு, ஓர் அரசாணையில் பயனுக்கு வந்த அரிய நிகழ்வு இது. நெல்லுக்குப் பயன்படும் இலை வண்ண அட்டையும், உரத்தைப் பல தவணைகளாகப் பிரித்து இடுவதும் இதே வழியில் உதவுகின்றன. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் வாரத்தில் மொத்த யூரியாவையும் இடுவது, கிணற்றுக்கு உரமிடுவதற்குச் சமம்.

அதே 2015-இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம் 12 பண்புகளை அளக்கிறது: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், ஐந்து நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம். எதை எவ்வளவு இட வேண்டும் என்பதற்கு இவை போதும். இட்டதில் மிஞ்சியது எங்கே போகும் என்பதை அந்த அட்டை சொல்வதில்லை. அந்த மண்ணில் களி எவ்வளவு, மணல் எவ்வளவு, மேல்மண் எத்தனை அடி என்ற விவரங்கள் அதில் இல்லை. அந்த நிலத்துக் கிணற்றின் நைட்ரேட் அளவும் இல்லை. மண் மாதிரி எடுக்க வரும் அலுவலர் நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தொலைவில்தான் பெரும்பாலும் கிணறு இருக்கிறது. ஒரு பாட்டில் தண்ணீரையும் அவர் எடுத்துச்செல்லலாம். மே மாதத்தில் ஒருமுறை, பருவமழை ஓய்ந்த ஜனவரியில் ஒருமுறை என்று அளந்து, இரண்டு எண்களையும் அட்டையில் அச்சிட்டு, ஊராட்சி அலுவலகப் பலகையிலும் எழுதி வைக்கலாம். ஜனவரி எண் கூடியிருந்தால், அந்த ஆண்டு இட்ட உரத்தில் ஒரு பகுதி எங்கே போனது என்பதை அந்த ஊர் விவசாயிகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.